பொன்னேரி பக்கம் 1 ஏக்கர் 60 சென்ட், பழைய ஓட்டு வீடு, 3 வருஷமாக நிற்கும் மேசி 1035 டிராக்டர்: எதில் முதலில் கை வைப்பது?

கொருக்குப்பேட்டை_கணக்கு (#1)

எல்லோருக்கும் வணக்கம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இடம். 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை, 40 சென்ட் மேடு. மேட்டில் சீமை ஓடு வேய்ந்த பழைய வீடு, சுமார் 900 சதுர அடி. செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. அடியிலிருந்து 3 அடி உயரம் வரை பூச்சு பொரிந்து கொட்டுகிறது. 120 அடி போர் ஒன்று இருக்கிறது, தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. நிலத்தோடு ஒரு மேசி 1035 டிராக்டரும் வருகிறது, கொட்டகையில் 3 வருஷமாக ஓடாமல் நிற்கிறது.

பட்டா, வில்லங்கம், எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்) எல்லாம் வக்கீல் பார்த்தாயிற்று, அதைக் கேட்கவில்லை. இப்போது மாசி. ஆடிக்குள் குடும்பத்தோடு அங்கே போய், சம்பா போட வேண்டும். வண்டி, வீடு, நிலம் மூன்றில் எதற்கு முதலில் பணம் போடுவது? கொத்தனார் சிமெண்ட் பூச்சுக்கு விலை சொல்லிவிட்டார், மெக்கானிக் பேட்டரியோடு வருகிறேன் என்கிறார்.

ஆரணியாறு_கரை (#2)

இரண்டு பேரையும் பத்து நாள் நிறுத்தி வையுங்கள். முதல் செலவு தண்ணீர் பரிசோதனை. நீங்கள் சொன்ன மூன்றையும் அந்த ஒரு தாள்தான் முடிவு செய்யப் போகிறது.

காரணம் இதுதான். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கக் கிணற்றுப் புலங்களிலிருந்து சென்னைக் குடிநீருக்கும் மணலி ஆலைகளுக்கும் 1960களின் கடைசியிலிருந்து நிலத்தடி நீரை இறைத்தார்கள். விவசாய போர்களும் கூடவே இறைத்தன. நல்ல தண்ணீரின் அழுத்தம் குறையக் குறையக் கடல் நீர் மணல் அடுக்கு வழியாகப் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதனால் ஒரே ஊரில் கிழக்குத் தெருத் தண்ணீர் ஒரு மாதிரியும் மேற்குத் தெருத் தண்ணீர் வேறு மாதிரியும் இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். நாக்கையும் நம்பாதீர்கள், லேசாகக் கரிப்பதாகத் தெரியும் தண்ணீரே கம்பியை அரிக்கப் போதும்.

போரை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். சுத்தமான 1 லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் கழுத்து வரை நிரப்பி மூடி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பி.எச்., மின்கடத்துதிறன், டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், சோடியம் விகிதம் இத்தனையும் கேட்டு வாங்குங்கள். குடிநீர் டெஸ்ட் மட்டும் எடுத்தால் பாசனத்துக்கு வேண்டிய எண் கிடைக்காது.

மண்ணுக்கு: நஞ்சையில் 10 முதல் 15 இடத்தில் மேல் புல்லை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' போலக் குழி வெட்டி, ஓரத்திலிருந்து ஒரே கனத்தில் மேலிருந்து கீழ்வரை சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்குங்கள். மீதியை மறுபடி கலந்து இதே மாதிரி குறைத்து, அரை கிலோ வரும்போது நிறுத்துங்கள். வரப்பு, எருக்குழி, மர நிழல் பக்கம் எடுக்கக் கூடாது. திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று வழி சொல்வார்கள்.

செம்பியம்_ஸ்பேனர் (#3)

வண்டி விஷயம் நான் சொல்றேன் சார். மேசி 1035-ன்னா நம்ம ஊர் வண்டி. டாஃபே 1960-ல ஆரம்பிச்ச கம்பெனி, இன்ஜின் சிம்ப்சன், ரெண்டுமே செம்பியம். 3 சிலிண்டர், 36 குதிரைத்திறன். ஸ்பேருக்கு அலைய வேண்டாம். அதனாலதான் அவசரப்பட்டுக் கெடுத்துடாதீங்கன்றேன்.

பேட்டரி கட்டி நேரா செல்ஃப் அடிக்கக் கூடாது. 3 வருஷம் நின்ன இன்ஜின்ல லைனர் (பிஸ்டன் ஓடுற உள்குழாய்) சுவத்துல எண்ணெய்ப் படலம் இருக்காது, ரிங் லேசா துரு பிடிச்சு ஒட்டியிருக்கும். செல்ஃப் வேகத்துல இழுத்தா ரிங் உடையும், லைனர்ல கோடு விழும். அப்புறம் முழு செட் வேலை.

வரிசை இது:

முதல்ல டிப் ஸ்டிக். எண்ணெய் அளவு மேல் கோட்டைத் தாண்டி இருந்தா டீசலோ தண்ணியோ உள்ள இறங்கியிருக்கு. அளவு சரியா இருந்தாலும் சம்ப் (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) போல்ட்டை ரெண்டு சுத்து மட்டும் தளர்த்திப் பாருங்க. தண்ணி கனம், எண்ணெய்க்குக் கீழ நிக்கும், அதுதான் முதல்ல சொட்டும். வண்டியை ஒருமுறை சுத்திட்டா கலந்து பால் மாதிரி ஆயிடும், எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அதனால இதை சுத்துறதுக்கு முன்னாடி பாக்கணும்.

ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழட்டுங்க. எலிக்கூடு இருந்தா ஆச்சரியப்படாதீங்க. குழாய் வழியா மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள்ள காத்து போற வாய்) வரைக்கும் கை விட்டுப் பாத்துடுங்க, ஒரு துணித் துண்டு உள்ள போனாக்கூட வால்வுல மாட்டும். கிண்ணத்தை டீசல்ல கழுவி, கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊத்துங்க. கோட்டுக்கு மேல ஊத்தினா அந்த எண்ணெயையே இன்ஜின் இழுக்கும்.

டீசல் டேங்கைக் காலி பண்ணிக் கழட்டிடுங்க. அடியில கருப்பு வழுவழுப்பு இருக்கும், தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல வளர்ற அழுக்கு அது. டீசல் ஊத்திக் குலுக்கிக் கழுவணும், தண்ணி கூடாது. ரெண்டு ஃபில்டரும் புதுசு.

அடுத்து மூணு இன்ஜெக்டரையும் கழட்டுங்க. ஒவ்வொரு ஓட்டையிலும் 15 மி.லி. இன்ஜின் ஆயில் விடுங்க, ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில கிராங்க் புல்லி நட்ல ஸ்பேனர் போட்டுக் கையால மெல்ல, வண்டி சுத்துற திசையில திருப்புங்க. சுத்தலன்னா நீட்டுக் கம்பி போட்டு முரட்டுத்தனம் வேண்டாம். இன்னும் ரெண்டு நாள் ஊற வைங்க. முழுசா ரெண்டு சுத்து தடையில்லாம வந்ததும் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாத்தி, 15டபிள்யூ-40 ஆயில் ஊத்துங்க. வால்வு கவரைக் கழட்டி, சுத்தும்போது ஒவ்வொரு வால்வும் மேல வந்து இறங்குதான்னு பாருங்க. ஒட்டின வால்வு இருந்தா புஷ் ராட் வளையும். டேப்பட் இடைவெளி குளிர்ந்த இன்ஜின்ல 0.30 மி.மீ.

இன்ஜெக்டர் கையோட இருக்கும்போதே பம்ப் கடையில குடுத்து அழுத்தமும் தூவலும் பாத்துடுங்க. மறுபடி மாட்டும்போது அடியில இருக்கிற செம்பு வாஷர் மூணும் புதுசு.

கொருக்குப்பேட்டை_கணக்கு (#4)

ரொம்ப நன்றி அண்ணா. அங்கே உள்ள டிரைவர் ஒருவர், "இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்தால் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும், சிலிண்டரில் மண்ணெண்ணெய் விட்டால் போதும்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

செம்பியம்_ஸ்பேனர் (#5)

வேண்டாம் சார். மண்ணெண்ணெய் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கழுவிடும். இழுத்து ஸ்டார்ட் பண்றதுல அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கு. நாள் கணக்கா நின்ன வண்டியில பம்ப் உள்ள டீசலைக் கூட்டிக் குறைக்கிற கம்பி கசடுல ஒட்டிக்கிட்டு முழு டீசல் பக்கமே நின்னிருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் பறக்கும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிக்காது. கயிறு கட்டி முன்னால இன்னொரு வண்டி வேற நிக்குது. யோசிச்சுப் பாருங்க.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஸ்டாப் கம்பியை இழுத்து விட்டு, பம்ப்ல அந்த லீவர் உண்மையிலேயே நகர்ந்து திரும்புதான்னு கண்ணால பாருங்க. ஏர் கிளீனர் குழாயைக் கழட்டி வச்சு, மேனிஃபோல்டு வாயை மூடுற அளவுக்குத் தட்டையான பலகை ஒண்ணை ஒருத்தர் கையில குடுத்து நிக்க வைங்க. இன்ஜின் பறந்தா அதை வச்சு அடைக்கணும். உள்ளங்கையாலயோ துணியாலயோ அடைக்கவே கூடாது.

ஏர் எடுக்கிற முறை: ஃபீட் பம்ப் லீவரைக் கையால அடிங்க. முதல் ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூ, அப்புறம் ரெண்டாவது ஃபில்டர், அப்புறம் பம்ப் மேல இருக்கிறது. ஒவ்வொண்ணுலயும் குமிழி நின்னு டீசல் கோடா வந்ததும், அடிச்சுக்கிட்டே இறுக்குங்க. லீவர் லூசா ஆடி அடிபடலன்னா கேம் மேடு மேல நிக்குது, இன்ஜினைக் கையால ஒரு சுத்து திருப்புங்க. கடைசியா இன்ஜெக்டர் பைப் நட்டு மூணையும் ஒரு சுத்து தளர்த்தி, செல்ஃப் அடிக்கும்போது துளி வந்ததும் இறுக்கிடுங்க. அழுத்தத்துல பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும், அதனால விரல் வச்சுத் தொட்டுப் பாக்காதீங்க.

அதுக்கும் முன்னாடி, ஸ்டாப் கம்பியை இழுத்து வச்சுக்கிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பற வரைக்கும் 10 செகண்ட் 10 செகண்டா அடிங்க. நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டர்ல கை வேண்டாம், பத்து நிமிஷம் ஸ்லோல ஓடட்டும்.

சுண்ணாம்புக்காரை (#6)

சுவரைப் பற்றி: 3 அடி உயரத்தில் நேர்கோடு போட்டதுபோல் பொரிகிறது என்றால் அது மழைத் தண்ணீர் இல்லை. தரையிலிருந்து ஏறும் ஓதம். மண்ணில் உள்ள உப்புத் தண்ணீரைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. தண்ணீர் காற்றில் ஆவியாகும், உப்பு வெளியேற முடியாமல் பூச்சுக்குப் பின்னால் படிகமாகும். படிகம் பெரிதாகும்போது பூச்சைத் தள்ளிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் பொரிவு அதுதான்.

சிமெண்ட் பூச்சு போட்டால் முதல் வருஷம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது சுவர் மூச்சு விடும் வழியை அடைத்துவிடும். ஓதம் அடைத்த இடத்தைத் தாண்டி மேலே போய் வெளியே வரும். 3 அடிக் கோடு 5 அடிக்கு ஏறும், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கலின் முகத்தையும் உரித்துக்கொண்டு வரும். சுண்ணாம்புச் சாந்து வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் துணை.

பங்குனி, சித்திரை வெயில் இதற்கு நல்ல காலம். பொரிந்த கோட்டுக்கு மேல் இன்னும் ஒரு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை 15 முதல் 20 மி.மீ. ஆழம் கீறி, உலர்ந்த தூரிகையால் உப்பைத் தேய்த்துத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். கொட்டிய காரையை அள்ளி வீட்டைவிட்டுத் தள்ளிப் போடுங்கள், சுவரோரம் கிடந்தால் முதல் மழையில் அந்த உப்பு திரும்ப வந்துவிடும். பிறகு குறைந்தது 6 வாரம் சுவர் வெறும் செங்கலாகக் காயட்டும். நடுவில் மறுபடி வெள்ளையாகப் பூக்கும், பூக்கப் பூக்கத் துடைத்து எடுங்கள். அத்தனையும் சுவரைவிட்டு வெளியேறும் உப்பு.

அந்த 6 வாரத்தில் வெளி வேலை. பழைய வீடுகளைச் சுற்றி வருஷாவருஷம் மண் ஏறித் தரைமட்டம் உயர்ந்திருக்கும். வெளி மண்ணை உள் தரையைவிடக் குறைந்தது ஒரு அடி தாழ்வாக வெட்டி இறக்குங்கள். சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்வு, 40-க்கு 1. தாழ்வாரத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தகரப் பீலி. பாதி ஓதம் இதிலேயே குறையும்.

பூச்சு: நீற்றின சுண்ணாம்பைக் குழியில் தண்ணீருக்கு அடியில் குறைந்தது 3 வாரம் புளிக்க விட்ட குழம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. 100 சதுர அடிக்கு 20 மி.மீ. கனத்தில் குழம்பு சுமார் 70 லிட்டர், மணல் 200 லிட்டர் பிடிக்கும். முதல் பூச்சு 12 மி.மீ., நான்கைந்து நாள் கழித்து இரண்டாவது 8 மி.மீ. கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நம் பக்கத்துப் பழக்கம், இழுவைக்கு நல்லது. ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் நிழல் காட்டுங்கள், வெயில் நேரே பட்டால் மயிரிழை வெடிப்பு விழும். மேலே மூன்று கை சுண்ணாம்பு வெள்ளை மட்டும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் செய்த வேலை வீண்.

மீஞ்சூர்_மட்டக்கோல் (#7)

சார் சொல்றது சரிதான், ஆனா சுண்ணாம்பு வேலைக்கு இப்போ ஆள் எங்க? சிமெண்ட்ல வாட்டர் ப்ரூஃப் லிக்விட் கலந்து 1-க்கு 4 போட்டா நிக்குது. கூலியும் பாதி. ஆடிக்குள்ள குடி போகணும்ன்றாரு.

சுண்ணாம்புக்காரை (#8)

அண்ணே, வாட்டர் ப்ரூஃப் கலவை வெளியே இருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும். இங்கே தண்ணீர் சுவருக்குள்ளேயே இருக்கிறது, அதைப் பூட்டி வைத்தால் மேலே ஏறும். புதிதாகக் கட்டும் குளியலறைச் சுவருக்கு உங்கள் 1-க்கு 4 சரியான வேலை. பழைய சுவருக்கு வேண்டாம். ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் கரண்டி பிடிக்கத் தெரிந்த எந்தக் கொத்தனாரும் இதைச் செய்யலாம். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், ஒரே நாளில் முழுக் கனத்தையும் ஏற்றக் கூடாது. அந்தப் பொறுமை மட்டும் போதும். ஆடிக்குள் முடியாது என்றால் இரண்டு அறையை முடித்துக் குடி போகட்டும், மற்றது அடுத்த கோடையில்.

செங்குன்றம்_பதிவு (#9)

வண்டிக்குச் செலவு செய்யும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய கடன் ஆர்.சி.யில் நின்றால் படிவம் 35-ம் நிதி நிறுவனத்தின் கடிதமும். சேஸ் எண்ணைத் துரு நீக்கிப் பென்சில் தேய்ப்பு எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் பொருந்தவில்லை என்றால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விவசாய வண்டியாகப் பதிவான டிராக்டரில் வாடகைக்குச் செங்கல், மணல் ஏற்றக் கூடாது. சாலையில் ஏறும் முன் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

கொருக்குப்பேட்டை_கணக்கு (#10)

பரிசோதனைத் தாள் வந்துவிட்டது. போர் தண்ணீர்: பி.எச். 7.6, டி.டி.எஸ். 2,900, மின்கடத்துதிறன் 4.5 டெசிசீமன்ஸ்/மீ., குளோரைடு 1,150 மி.கி. மண்: பி.எச். 7.9, சோடியம் 9 சதவீதம், உப்பு நடுத்தரம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆர்.சி. எண் பொருந்துகிறது. வண்டியில் சம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் எண்ணெய்தான் வந்தது, தண்ணீர் இல்லை. ஆனால் ரேடியேட்டர் மூடிக்குள் வெள்ளையாகப் படிவு, கீழ் ஹோஸ் வாயில் துரு.

குளியலறைக்கு லின்டலும் சின்னத் தளமும் கான்கிரீட் போட வேண்டும், மொத்தம் 3 கன மீட்டர் வரும்.

மீஞ்சூர்_மட்டக்கோல் (#11)

கம்பி போடுற கான்கிரீட்டுக்குத் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரைக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ல இருக்குது. உங்களுது 1,150. அதனால லின்டல், தளம், தூண் எதுக்கும் அந்த போர் தண்ணி ஆகாது. தரைக்குக் கம்பி இல்லாம போடுற கான்கிரீட்டுக்கு ஓகே.

கணக்குப் போட்டா பெரிய தண்ணி இல்ல சார். எம்25, 1:1:2 கலவை, ஒரு கன மீட்டருக்கு 11 மூட்டை. 3-க்கு 33 மூட்டை. மூட்டைக்கு 25 லிட்டர், ஆக 825 லிட்டர். கியூரிங் சேர்த்தாலும் 12,000 லிட்டர் லாரி ஒண்ணு தாராளம். கலக்க மட்டும் நல்ல தண்ணி வாங்கிட்டு கியூரிங்குக்கு போரைத் திறந்து விடுறாங்க, அதுதான் தப்பு. பச்சைக் கான்கிரீட் அந்த உப்பை உறிஞ்சிக்கும். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட்னா 10 நாள் நல்ல தண்ணிதான் ஊத்தணும். கடல் காத்து அடிக்கிற இடம், கம்பிக்கு வெளிப்பக்கம் 45 மி.மீ. கவர் விடுங்க. கவர் கட்டையைப் போடாம கல்லுத் துண்டு வச்சு ஒப்பேத்த விடாதீங்க. மணல் எந்தக் கரையிலிருந்து வருதுன்னும் கேளுங்க.

சுண்ணாம்பு நீற்றுறதுக்கும் அந்த போர் வேண்டாம், உப்பை நாமே சுவத்துல பூசுற மாதிரி ஆயிடும். இதுல காரைக்காரர் பேச்சை ஒத்துக்கிறேன்.

செம்பியம்_ஸ்பேனர் (#12)

ரேடியேட்டர்ல வெள்ளைப் படிவுன்னா இத்தனை வருஷமும் அதே போர் தண்ணியைத்தான் ஊத்தியிருக்காங்க. பிளாக்கோட தண்ணிப் பாதையில செதில் கட்டினா சூடு வெளிய போகாது. முள் நார்மல்ல நிக்கும், உள்ள லைனர் காயும். ரேடியேட்டரைக் கழட்டிக் கடையில குடுத்துக் குழாய் குத்தி எடுங்க. பிளாக்கைத் தெர்மோஸ்டாட் கழட்டிட்டு, மேல வழியாத் தண்ணி விட்டு அடி வழியா, எதிர்த் திசையில அலசுங்க. லைனர் அடியில இருக்கிற ரப்பர் சீல் வழியா சம்ப்புக்குத் தண்ணி இறங்குதான்னு ஒரு ராத்திரி நிரப்பி வச்சு டிப் ஸ்டிக் பாருங்க. அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி. வயலோரம் தண்ணி குறைஞ்சா ஊத்த 5 லிட்டர் கேன்ல நல்ல தண்ணி வண்டியிலயே கிடக்கணும்.

பின் டயர்ல எடைக்குத் தண்ணி ஏத்தியிருந்தா அதையும் வடிச்சுப் பாருங்க. உப்புத் தண்ணி வால்வு ஓரமாக் கசிஞ்சு ரிம்மைத் தின்னும். டயர் கழட்டாம வெளிய இருந்து தெரியாது.

ஆரணியாறு_கரை (#13)

இனி நிலம். மின்கடத்துதிறன் 3-ஐத் தாண்டின தண்ணீர் பாசனத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது என்ற வகை. நெல்லுக்கு மண் சாற்றில் 3 வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் விழும். உங்கள் போர் 4.5. வயலில் நின்று ஆவியானால் மண்ணில் அது இன்னும் ஏறும். ஆகவே அந்த போரை நம்பி நவரையோ சொர்ணவாரியோ (மற்ற நெல் பட்டங்கள்) போடாதீர்கள். சம்பா ஒன்றுதான், அதுவும் ஏரித் தண்ணீரும் வடகிழக்கு மழையும் கொண்டு. நாற்றங்காலுக்குக்கூட போர் ஆகாது, நெல் உப்புக்கு அதிகம் பயப்படுவது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான்.

இன்னும் ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று ரிக் வண்டிக்காரர் சொல்வார். கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, உப்பு அடியில். ஆழப்படுத்தினால் உப்புக்கு அருகே போகிறீர்கள். பெரிய மோட்டாரில் ஒரே மூச்சில் இறைத்தாலும் அடியிலிருந்து உப்பு கூம்பு போல மேலே எழும். சின்ன மோட்டார், இடைவெளி விட்டு இறைப்பது, ஆழமில்லாத கிணறு: இவைதான் இங்கே சரிப்படும்.

காட்டூர்_வரப்பு (#14)

ஏக்கருக்கு 10 மூட்டை ஜிப்சம் போட்டு ஓட்டினால் உப்பு போய்விடுமே? எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்.

ஆரணியாறு_கரை (#15)

ஐயா, உவரையும் களரையும் ஒன்றாகப் பார்ப்பதால் வரும் செலவு அது. களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டியிருக்கும். பி.எச். 8.5-க்கு மேல், சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. அங்கே ஜிப்சம் தரும் சுண்ணச்சத்து சோடியத்தை விலக்கும். இவர் மண் 7.9, 9 சதவீதம். இது உவர், கரைந்து நிற்கும் உப்பு. ஜிப்சமே ஒரு உப்பு, இங்கே போட்டால் சேர்க்கும். உவருக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்.

வயலின் தாழ்ந்த ஓரத்தில் 2 அடி ஆழத்துக்கு வடிகால் வாய்க்கால் எடுத்து ஓடைக்கு விடுங்கள். வரப்பை ஒரு அடி உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி, உப்பைக் கரைத்துக் கீழே இறங்க விட்டு, வடிய விடுங்கள். தேக்கம் மட்டும் இருந்து வடிகால் இல்லையென்றால் தை வெயிலில் அதே உப்பு மேலே வந்துவிடும். கோடை மழை விழுந்ததும் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். உவரைத் தாங்கும், மண்ணைப் பொலபொலப்பாக்கும். ரகத்துக்கு கோ 43, டி.ஆர்.ஒய். 3 கேட்டுப் பாருங்கள். மேட்டு 40 சென்ட்டில் மா வேண்டாம், அது உப்பு தாங்காது. தென்னை 25 அடி இடைவெளியில், சப்போட்டா சில, வரப்பில் பனை.

கொருக்குப்பேட்டை_கணக்கு (#16)

எல்லோர் சொன்னதையும் தாளில் எழுதி வைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. வெள்ளைப் புகை வருகிறது, சூடானதும் குறைகிறது ஆனால் முழுதாக நிற்கவில்லை. கிளட்ச் மிதித்தாலும் கியர் விழாமல் கரகரவென்கிறது. கூரை ஓடுகளை மாற்றுவது பற்றியும் சொல்லுங்கள்.

செம்பியம்_ஸ்பேனர் (#17)

சந்தோஷம் சார். வெள்ளைப் புகை கண்ணைக் கரிச்சா எரியாத டீசல். இனிப்பா ஆவி மாதிரி வாசனை அடிச்சு ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட். முதல் வகைன்னா ஸ்லோல ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொண்ணா, துணி போர்த்தித் தளர்த்துங்க. எதைத் தளர்த்தினா சத்தம் மாறலயோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யல. ஒட்டின ரிங் விடுபட 10 மணி நேரம் மிதமான பாரத்துல ஓடணும், அதுக்குள்ள இன்ஜினைப் பிரிக்காதீங்க. ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை தள்ளி, நீலப் புகையும் வந்தா ரிங் வேலை உறுதி. கருப்புன்னா ஏர் கிளீனரும் இன்ஜெக்டரும் பாருங்க.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீல்ல துருவால ஒட்டியிருக்கு. முதல்ல பெடல் ஆட்டம் ஒரு அங்குலம் இருக்கான்னு பாத்து சரி பண்ணுங்க. இன்ஜின் நல்லா சூடானதும் அணைச்சு, பெடலை முழுசா அமுக்கிக் கட்டை வச்சு ஒரு ராத்திரி விடுங்க. பல தடவை அதுலயே விடுபடும். இல்லன்னா ஆள், மாடு, கிணறு இல்லாத வெட்டவெளியில, கலப்பை எதுவும் மாட்டாம, கியர் போட்டே ஸ்டார்ட் பண்ணி, ஓடும்போது கிளட்சை மிதிச்சுக்கிட்டே ரெண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டு அழுத்துங்க. அதுக்கு முன்னாடி பிரேக் ரெண்டு பக்கமும் சமமா பிடிக்குதான்னு உறுதி பண்ணிக்குங்க. மூணு நாலு தடவைக்கு மேல வரலன்னா வண்டியை நடுவுல பிரிக்கிறதுதான் வழி.

சுண்ணாம்புக்காரை (#18)

ஓட்டைச் சிரமப்பட்டு மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றாக இறக்கித் தட்டிப் பாருங்கள், கிண்ணென்று கேட்டால் நல்ல ஓடு, பொத்தென்றால் வெடிப்பு. கூரையைத் தாங்கும் பனங்கையின் தலை சுவருக்குள் நுழையும் இடத்தை ஆணியால் குத்துங்கள். செல்லு (கரையான்) அங்கேதான் தொடங்கும், நடுப்பகுதி கெட்டியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். செல்லுக்கு உள்சுவரோரம் தரையில் 12 மி.மீ. துளை ஒரு அடிக்கு ஒன்று போட்டு, குளோர்பைரிபாஸ் 20 இ.சி. 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து துளைக்கு 1 லிட்டர் விடுவார்கள். கிணறும் போரும் பக்கத்தில் இருக்கும் சுவருக்கு இதைச் செய்யாதீர்கள், மரத்துக்கு மட்டும் மருந்து பூசுங்கள்.

2016 டிசம்பர் வர்தா மாதிரி ஒரு காற்று வந்தால் முதலில் பறப்பது தாழ்வாரத்து இரண்டு வரிசையும் முகட்டு ஓடும். அவற்றை மட்டுமாவது ஓட்டின் அடிக் காதில் கம்பி கோத்து ரீப்பரோடு கட்டுங்கள். கம்பி செம்பாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும், சாதாரணக் கட்டுக் கம்பி அந்தக் காற்றில் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது.

பீலி போடும்போதே ஒரு தொட்டிக்கு வழி விடுங்கள். 900 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழைக்கு ஏறக்குறைய 700 லிட்டர் பிடிக்கலாம். முதல் பத்து நிமிஷ மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். சமையலுக்கு, சுண்ணாம்புக்கு அந்த இடத்தில் உங்களுக்கு அதுதான் நல்ல தண்ணீர்.

ஆரணியாறு_கரை (#19)

வண்டி ஓடத் தொடங்கியதால் ஒன்று. 1035-க்கு ரோட்டவேட்டர் 5 அடிக்கு மேல் வாங்காதீர்கள். முதல் உழவு 9 கலப்பையில் இரண்டு சால், பிறகுதான் ரோட்டவேட்டர். சேற்றுழவுக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டால் வரப்பு ஏறும்போது பின்னோக்கி ஏறுங்கள். முன்பக்கமாக ஏறினால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி பின்னால் கவிழும். சேற்றில் சிக்கினால் சங்கிலியை டாப் லிங்க் கொக்கியில் மாட்டி இழுக்கவே கூடாது, அதற்கும் அதே கதிதான். கீழே உள்ள டிராபாரில்தான் மாட்ட வேண்டும். சாலைக்கு வந்ததும் இரண்டு பிரேக் பெடலையும் தாழ் போட்டு இணையுங்கள். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

மீஞ்சூர்_மட்டக்கோல் (#20)

கரண்ட் பத்தி யாரும் சொல்லல. போருக்கு விவசாய இலவச சர்வீஸ் இருந்தா அதுலருந்து வீட்டுக்கு லைன் இழுக்காதீங்க, தனி வீட்டு சர்வீஸ் வாங்குங்க. உப்பு மண்ணுல இரும்பு எர்த் பைப் சீக்கிரம் கரையும், செம்புத் தகடு போட்டு வருஷம் ஒருமுறை அளந்து பாருங்க. 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற ஸ்விட்ச்) கட்டாயம், ஈரச் சுவர் வீடு. சுவர் காயற வரைக்கும் கீழ 3 அடிக்குள்ள ப்ளக் பாயின்ட் வைக்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை_கணக்கு (#21)

கிளட்ச் ஒரு ராத்திரி கட்டை வைத்ததிலேயே விட்டுவிட்டது அண்ணா. சுவரை இன்று கொத்தத் தொடங்குகிறார்கள். லாரித் தண்ணீருக்கும் சொல்லியாயிற்று. சுண்ணாம்புக் குழியை நிழலில் வெட்டுவதா, வெயிலிலா?

சுண்ணாம்புக்காரை (#22)

நிழலில். கொட்டகையை ஒட்டி, ஆனால் வண்டியிலிருந்து தள்ளி. சுண்ணாம்புத் தூசு ஏர் கிளீனருக்கு ஆகாது. குழிக்கு மேல் எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்க வேண்டும், பிள்ளைகள் விழாதபடி பலகை போட்டு மூடுங்கள். நீற்றும்போது கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். சுண்ணாம்பை எப்போதும் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.